ஏழு கடல் கடந்தும் நான்கு வருணம்

ஒரு விந்தை நாட்டைச் சுற்றிப் பார்த்துவர வாசகத் தோழர்களை அழைக்கிறோம். கப்பலேற வேண்டா, கடவுச்சீட்டும் வேண்டா. விஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்தைத் திறந்தால் போதும். மலையும் கடலும், மரமும் மாந்தரும் வரிசை வரிசையாக வந்து நிற்கக் காண்போம்.

நடுவிலே ஜம்புத் தீவு. தமிழ்க் காப்பியங்கள் நாவலந்தீவு என்று கூறுவதும் இதனையே. அதன் அகலம் நூறாயிரம் யோசனை. அதைச் சுற்றி உப்புக்கடல். அதற்கப்பால் பிலக்ஷத் தீவு. அதைச் சுற்றிக் கருப்பஞ்சாற்றுக் கடல். பின்னர் சால்மலி, குசம், கிரௌஞ்சம், சாகம், புஷ்கரம் எனத் தீவுகள் ஒன்றையொன்று வளைத்துக் கிடக்கின்றன; மது, நெய், தயிர், பால், நன்னீர் எனக் கடல்களும் அவ்வாறே. ஒவ்வொரு தீவும் தனக்கு முந்திய தீவைப்போல் இரு மடங்கு பெரிது. நாவலந்தீவின் நடுவே பொன்மலையாகிய மேரு. நிலத்துக்கு மேல் 84,000 யோசனை. நிலத்துக்குள் 16,000 யோசனை. அடிப்பக்கம் குறுகி, உச்சி அதைப்போல் இரு மடங்கு விரிந்து நிற்கும் அதிசய மலை அது!

யோசனை என்பது எவ்வளவு தொலைவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஐந்து மைல் என்று குறைத்தே கொள்வோம். அப்போதும் மேருவின் உயரம் 4,20,000 மைல் ஆகிறது. நிலவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 2,39,000 மைல் தொலைவில்தான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. வழியில் எந்தப் பொன்மலையும் குறுக்கிட்டதாகச் செய்தி இல்லை. இந்த முழு நிலவுலகின் குறுக்களவே 7,900 மைல் அளவுதான் என்றால், நாவலந்தீவு ஒன்றுக்கு மட்டும் ஐந்து நூறாயிரம் மைல் அகலத்தை எங்கே தேடுவது?

அங்குள்ள நாவல் மரத்தின் கனி ஒவ்வொன்றும் யானையளவு பெரிது. அவை மலைமீது விழுந்து சிதற, அந்தச் சாறே ஆறாகப் பெருகுகிறது. ஆற்றங்கரை மண் பொன்னாகிறது. அந்த நீரைப் பருகுவோருக்கு வியர்வையில்லை, முதுமையில்லை. அடுத்த தீவுகளுக்குச் சென்றால் மக்கள் ஐயாயிரம் ஆண்டு நோயின்றி வாழ்கின்றனர். கடைசித் தீவிலோ பத்தாயிரம் ஆண்டு!

இதைக் கண்டு நாம் சினம் கொள்ளவில்லை. கற்பனை மனிதனின் உரிமை. கிரேக்கத்து ஹெரோடோட்டஸ், இந்தியாவில் நாயினும் சிறிய, நரியினும் பெரிய எறும்புகள் பொன்னைத் தோண்டுகின்றன என்று எழுதினார். 1300ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் வரையப்பட்ட ஹெரிபோர்டு உலகப் படத்தில் ஒற்றைக்கால் மனிதர் தம் பாதத்தையே குடையாக்கிக் கிடக்கின்றனர். காணாத நிலத்தைக் கனவால் நிரப்பாத இனம் எதுவும் இல்லை.

ஆனால், எந்தக் கற்பனை எவருக்குப் பணிபுரிகிறது என்று கேட்பது பகுத்தறிவாளனின் கடமை. அந்தக் கேள்வியோடு மறுபடியும் அந்தத் தீவுகளுக்குள் நுழைவோம்.

சால்மலித் தீவின் குடிகள் யாவர்? கபிலர், அருணர், பீதர், கிருஷ்ணர் என்று நான்கு வகுப்பார். பழுப்பு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்தாலேயே பெயர். இவர்கள் முறையே பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர் என்று புராணமே பொருள் சொல்கிறது. கறுப்பன் எங்கே நிறுத்தப்பட்டான் பார்த்தீர்களா? கடைசியில்! பாற்கடல் சூழ்ந்த சாகத் தீவுக்குப் போவோம். அங்கும் மகர், மாகதர், மானசர், மந்தகர் என்று நால்வர். அதே வரிசை, அதே ஏற்றத்தாழ்வு. பிலக்ஷத்திலும் நான்கு, குசத்திலும் நான்கு, கிரௌஞ்சத்திலும் நான்கு.

எண்ணிப் பாருங்கள். கடல்நீரைப் பாலாக்கத் தெரிந்த கற்பனைக்கு, மலையை நிலவுக்கு அப்பாலும் ஏற்றத் தெரிந்த கற்பனைக்கு, நாவற்கனியை யானையாக்கத் தெரிந்த கற்பனைக்கு, உயர்வு தாழ்வு இல்லாத ஓர் ஊரைப் படைக்க மட்டும் கைவரவில்லையா? கைவரவில்லை என்பதன்று, அது தேவைப்படவில்லை. வருணம் இந்த ஒரு நாட்டில் மட்டும் உண்டு என்றால், அது மனிதர் செய்த ஏற்பாடு, மனிதரே மாற்றிவிடலாம். ஏழு கடலுக்கு அப்பாலும் உண்டு என்று சொல்லிவிட்டாலோ, அது மழையும் வெயிலும் போல இயற்கையாகிவிடுகிறது. இயற்கையை எதிர்த்து எவன் வழக்காடுவான்? பொய்யான நிலப்படம் மெய்யான விலங்கைப் பூட்டிய வகை இதுதான்.

கடைசித் தீவாகிய புஷ்கரத்தில் மட்டும் ஒரு புதுமை. அங்கே வருணமில்லை, உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்ற பேதமில்லை, வேதங்களும் இல்லை என்று அதே நூல் சொல்கிறது. மகிழ்ந்துவிடாதீர்கள். அடுத்த செய்தியையும் கேளுங்கள். அங்கே உணவு தானாகவே வந்து சேர்கிறது. உழவேண்டியதில்லை, அறுக்க வேண்டியதில்லை. ஆகவே உழுகிறவன் என்று ஒருவனைத் தாழ்த்தி வைக்க வேண்டிய தேவையும் இல்லை! உழைப்பு இல்லாத இடத்தில்தான் சமத்துவத்துக்கு இடம் கிடைத்தது. சாதி யாருடைய உழைப்பின்மேல் ஏறி நிற்கிறது என்பதற்கு இதைவிட வாக்குமூலம் வேண்டுமா?

இந்த மண்ணில் அறிவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 499இல் ஆரியபட்டர், பூமி உருண்டை என்றும், அது தன்னைத்தானே சுழல்கிறது என்றும் எழுதினார். பூமியின் விட்டம் 1,050 யோசனை என்று கணக்கிட்டார். நூறாயிரம் எங்கே, ஆயிரத்தைம்பது எங்கே! 1030ஆம் ஆண்டளவில் இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பிரூனி, வானநூலாரின் உலகமும் புராணிகரின் உலகமும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்பதை எடுத்துக்காட்டினார். பஞ்சாங்கம் கணிக்க உருண்டை. பக்தி வளர்க்கத் தட்டை! இன்றும் சடங்குகளில் சங்கல்பம் செய்விக்கும் புரோகிதர், ஜம்புத் தீவில், மேருவின் தென்பக்கத்தில் என்றே இடம் குறிக்கிறார். அந்த வீட்டுக்கு அவர் வழி கண்டு வந்ததோ கைப்பேசியின் துணையால். அந்தக் கைப்பேசிக்கு வழி சொன்னதோ உருண்டைப் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்!

1835இல் மெக்காலே இந்தப் பாகுக் கடலையும் வெண்ணெய்க் கடலையும் சொல்லி நகைத்தார். நகைத்ததோடு கீழ்நாட்டுக் கல்வி முழுவதையும் பயனற்றது என்று தள்ளினார். அந்த ஆளவந்தாரின் ஏளனம் நமக்கு வேண்டா. ஆரியபட்டர் இருந்த நாட்டை அறிவற்ற நாடு என்பது பொய். பொய்யைப் பொய் என்பதற்கு நமக்கு வெள்ளையர் துணையும் தேவையில்லை.

ஒன்று சொல்லாமல் முடித்தால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். பிறர் தீவை அளந்த அதே கோலால் நம் தீவையும் அளக்க வேண்டும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார், மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் காண முயன்று, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்றார். அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயரை எடுத்து, அடியார்க்கு நல்லார் உரையில் கண்ட 700 காவதத்தோடும் 49 நாடுகளோடும் இணைத்து, நம்மவர் ஒரு கண்டத்தையே எழுப்பிக் கொண்டனர். இன்று அறிவியல் சொல்வது வேறு. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. அன்று தமிழனும் இல்லை, மனிதனே இல்லை. கடந்த 20,000 ஆண்டுகளில் பனி உருகிக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது மெய். கரையோர நிலம் கடலுக்குள் போனது மெய். அதனினும் பெரிய கண்டம் தமிழுக்குத் தேவையில்லை. கீழடியில் தோண்டியெடுத்த பானையோட்டில் கீறிய எழுத்தே நம் பெருமைக்குப் போதும். அது கைக்கு எட்டும் சான்று.

1519இல் ஐந்து கப்பல்கள் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டன. 1522இல் ஒன்றே ஒன்று, உலகைச் சுற்றித் திரும்பியது. அது கடந்த கடலெல்லாம் உப்புக்கடலே. பாற்கடலில்லை, நெய்க்கடலில்லை. புஷ்கரத் தீவும் இல்லை.

இல்லாத அந்தத் தீவைத் தேடி நாம் போக வேண்டியதில்லை, தோழர்களே. உழைப்பவன் உண்டு, உழுபவன் உண்டு, அறுப்பவன் உண்டு. ஆயினும் தாழ்ந்தவன் இல்லை என்னும் நிலத்தை எந்தப் புராணமும் கற்பனை செய்யவில்லை. அதை நாம்தான் செய்தாக வேண்டும். இங்கே, இந்த உப்புக்கடற் கரையிலேயே.