பெயர் பறிக்கப்பட்ட வெற்றியாளர்: பல்கேரியக் கால்பந்தின் 1984–85 பருவம்

பல்கேரியாவின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான 'ஏ' குழுவின் 1984–85 பருவத்தில், 16 அணிகளுள் முதலிடம் பெற்றது சோபியா நகரின் லெவ்ஸ்கி-ஸ்பார்ட்டக். அப்பட்டம் விரைவிலேயே பறிக்கப்பட்டது. பட்டத்தோடு கழகத்தின் பெயரும் போயிற்று. இதைத் தீர்மானித்தது விளையாட்டு அமைப்பு அன்று. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு.

உடனடிக் காரணம் 1985 ஜூன் 19 அன்று நடந்த பல்கேரியக் கோப்பை இறுதிப்போட்டி. லெவ்ஸ்கியை அதன் பரம எதிரியான சி.எஸ்.கே.ஏ. 2–1 என வென்றது. ஆட்டத்தின்போதும் அது முடிந்த பின்னும் வீரர்கள் கைகலப்பில் இறங்கினர். சில நாட்களுக்குள் இரு கழகங்களும் கலைக்கப்பட்டன. கோப்பை வெற்றியும் செல்லாததாக்கப்பட்டது. 19 வயது ஹிரிஸ்தோ ஸ்தோய்ச்கோவ், லெவ்ஸ்கியின் கோல்காப்பாளர் போரிஸ்லாவ் மிகாய்லோவ் உள்ளிட்ட சிலருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

ஒரு கைகலப்புக்கு இவ்வளவு கடுமை ஏன்? சி.எஸ்.கே.ஏ. இராணுவத்தின் கழகம். லெவ்ஸ்கியோ 1969இல் ஸ்பார்ட்டக்குடன் இணைக்கப்பட்ட பின் உள்துறை அமைச்சகத்தின் நிழலில் வந்தது. அரசின் இரு ஆயுதக் கரங்களின் பெயரால் ஆடியவர்கள் மக்கள் கண்முன் அடித்துக்கொண்டனர். ஒழுங்கையே தன் தகுதியாகக் காட்டிய ஆட்சிக்கு இது வெறும் விளையாட்டு அத்துமீறலாகத் தோன்றியிருக்க வழியில்லை.

தண்டனையின் வடிவம் அதன் கடுமையைவிடக் கவனத்திற்குரியது. கலைக்கப்பட்ட கழகங்கள் புதுப் பெயர்களில் உடனே உயிர்பெற்றன. சி.எஸ்.கே.ஏ. 'ஸ்ரெதெத்ஸ்' ஆயிற்று, அது சோபியாவின் இடைக்காலப் பெயர். லெவ்ஸ்கி, நகரை ஒட்டிய மலையின் பெயரால் 'விதோஷா' ஆயிற்று. 1873இல் உதுமானிய ஆட்சியால் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் வாசில் லெவ்ஸ்கியின் பெயர் கழகத்திலிருந்து நீக்கப்பட்டது. தேசிய விளையாட்டரங்கிலோ அது நீடித்தது.

பெயரை மாற்றினால் அடையாளமும் மாறும் என்ற இந்த நம்பிக்கை, அதே பருவத்தில் வேறொரு தளத்தில் மிகக் கொடூரமாகச் செயல்பட்டது. 1984 டிசம்பர் முதல் 1985இன் தொடக்கம் வரை, ஏறத்தாழ 8 லட்சம் துருக்கிய இன மக்கள் தம் பெயர்களைக் கைவிட்டு ஸ்லாவியப் பெயர்களை ஏற்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். எதிர்த்தோர் சிறையிடப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே தராசில் வைக்க இயலாது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமும் அன்று. ஆயினும் இரண்டும் ஒரே ஆட்சிமுறையின் கருவிப்பெட்டியிலிருந்து வந்தவை.

அக்கருவி இரு இடங்களிலும் தோற்றது. 1985–86இல் ஸ்தாரா சகோரா நகரின் பெரோயே தன் ஒரே பட்டத்தை வென்றது. ஆனால் அடுத்த பருவத்தில் ஸ்ரெதெத்ஸும், அதற்கடுத்ததில் விதோஷாவும் வாகை சூடின. பெயர்கள் புதியவை, ஆதிக்கம் பழையது. வாழ்நாள் தடைகளும் ஓராண்டளவில் தளர்ந்தன. 1986 உலகக் கோப்பையில் மிகாய்லோவே பல்கேரியாவின் கோல்காப்பாளர். 1989 கோடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 10 அன்று தோதோர் ஷிவ்கோவ் பதவியிழந்தார். பின்னர் கழகங்களும் மக்களும் தத்தம் பெயர்களை மீட்டனர். லெவ்ஸ்கிக்கு 1985ஆம் ஆண்டின் பட்டமும் திரும்பியது.

1994 உலகக் கோப்பையில் பல்கேரியா 4ஆம் இடம் பெற்றபோது அணித்தலைவர் மிகாய்லோவ். 6 கோல்களுடன் அதிக கோல் அடித்தோர் வரிசையின் முதலிடத்தைப் பகிர்ந்தவர் ஸ்தோய்ச்கோவ். 1985இன் ஆணை நிலைத்திருந்தால் இருவரும் அக்களத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்.

இன்றைய வெற்றியாளர் பட்டியல்களில் 1984–85க்கு நேரே லெவ்ஸ்கியின் பெயர் இயல்பாக நிற்கிறது. அது ஒருமுறை அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட்டது என்பதை அந்த வரி காட்டுவதில்லை. விளையாட்டுப் புள்ளிவிவரத்தையும் ஓர் ஆவணமாகவே அணுகி, அதை எழுதியவர் யார், திருத்தியவர் யார் என வினவ வேண்டிய தேவை இங்குதான் எழுகிறது.