ஸஃதர்: கிளையோடு உலர்ந்த இலையின் வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இன்று ‘ஓரிகானோ’ என்றதும் பீட்சாவோடு தரப்படும் சிறு பொட்டலமே பலருக்கும் நினைவுக்கு வரும். டோமினோஸ் நிறுவனம் தன் முதல் இந்தியக் கடையை 1996இல் தில்லியில் திறந்தது. அத்தகைய கடைகள் பெருகிய பின்னரே இப்பெயர் நம் இல்லங்களில் பரவியது. ஆயினும் இவ்விலையைத் துரித உணவின் துணைப்பொருளாக மட்டும் கருதுவது, நம் வரலாற்றின் ஓர் ஏட்டைப் படிக்காமல் விடுவதாகும்.

அரபியர் ஓரிகானோவையும் அதன் உறவுச் செடிகளையும் ‘ஸஃதர்’ என்ற பொதுப்பெயரால் அழைத்தனர். கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிடிஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூலிகை நூல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கம் பெற்றது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைச் செப்பனிட்டார். மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், அம்மரபின் அறிவைத் தம் மூலிகைப் பெருநூலில் தொகுத்தளித்தார். ‘யூனானி’ என்ற சொல்லின் பொருளே கிரேக்கம் சார்ந்தது என்பதுதான். அம்மருத்துவத்தை இன்றும் சென்னை அரும்பாக்கத்து அரசு யூனானி மருத்துவக் கல்லூரி கற்பிக்கிறது. யூனானி மருந்துகளில் ‘ஸஃதர் ஃபார்ஸி’ என்னும் பாரசீக மூலிகையும் ஒன்று.

பாரசீகத்தோடு நம் பகுதிக்குள்ள தொடர்பும் பழையது. கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 1653இல், பூந்தமல்லியில் பள்ளிவாசல் எழுப்பிய ருஸ்தம், ஈரானின் அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகனாவார்.

கிரேக்கத்திலும் சிசிலியிலும் ஓரிகானோவைப் பூக்கும் பருவத்தில் அறுத்து, கொத்தாகக் கட்டி, நிழலில் உலர்த்திக் கிளையோடே விற்பர். இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் மணஎண்ணெய் தங்கியிருக்கிறது. நொறுக்கினால் அது விரைவில் ஆவியாகும். கிளையிலேயே இருக்கும் இலை மணத்தை நெடுநாள் காக்கும்.

அதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு: கிளையில் கலப்படம் செய்வது கடினம். 2015இல் பிரிட்டனில் 78 ஓரிகானோ மாதிரிகளைச் சோதித்தபோது, 19இல் ஒலிவ இலை போன்ற வேற்றிலைகள் கலந்திருந்தன. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுதலைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. விற்பவர் மறைக்காததையும் வாங்குபவர் பார்த்து அறிவதையும் கிளையோடு உள்ள இலை எளிதாக்குகிறது.

கொத்தை உலர்ந்த இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு கிளையை உள்ளங்கைகளுக்கிடையே கசக்கி, இலையை மட்டும் உதிருங்கள். சுட்ட இறைச்சிக்கும் மீனுக்கும் இறக்கும் தறுவாயில் தூவுதல் நன்று. எஞ்சிய காம்பை நூலால் கட்டி ஆட்டுக்கால் சூப்பில் இட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடலாம்.

இம்மணம் நமக்குப் புதிதன்று. சளிக்குப் பாட்டிமார் கசாயமிடும் கற்பூரவல்லி, ஓரிகானோவைப் போலவே துளசிக் குடும்பத்துச் செடி. தைமால், கார்வக்ரால் என்னும் மணப்பொருள்கள் இரண்டிலும் உண்டு. ஓமத்தின் மணத்துக்கும் தைமாலே காரணம். திமிஷ்கின் ஸஃதரும் நம் முற்றத்துக் கற்பூரவல்லியும் ஒரே இறைவன் முளைப்பித்த அருட்கொடைகள். பிள்ளைகளுக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, இந்த உறவையும் சொல்லிக் கொடுப்போமாக.