தட்டிவான் முதல் டபுள் கெப் வரை: தீவகத்து வாகனங்களும் அவற்றின் பாதுகாப்பும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் வாகனம் ஆளையும் சரக்கையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறது. மாட்டு வண்டில் போய் உழவு இயந்திரப் பெட்டி வந்தது. அதன் பின் பிக்கப் வந்தது. வண்டி மாறியது, வழக்கம் மாறவில்லை. வாகனங்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் முறை உலகில் பல பத்தாண்டுகளாக வளர்ந்து வந்திருந்தாலும், வண்டியில் போவோரில் அது அளப்பது கூண்டுக்குள் இருக்கையில் அமர்ந்தவரை மட்டுமே. தீவகத்தில் பிக்கப்பில் போகிறவர்களில் பலர் அந்த அளவுக்குள் வருவதில்லை.

தீவுகளின் கிடப்பு இதற்கு ஒரு காரணம். வேலணையும் ஊர்காவற்றுறையும் ஒரே தீவில் உள்ளன; பண்ணைப் பாலம் அத்தீவை யாழ்ப்பாண நகரத்துடன் இணைக்கிறது. அங்கிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குப் போகிறது. அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. காரைநகருக்குப் பொன்னாலை வழியாகத் தரைவழி உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஒடுங்கிய கடலைப் ‘பாதை’ எனப்படும் மிதப்பில் கடக்கிறார்கள். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகு ஒன்றே வழி. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி நேர ஓட்டம்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். நெடுந்தீவில் ஓடும் எந்த வாகனமும் ஒருமுறையாவது கடலில் பயணம் செய்த வாகனம்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கொன்று, சரக்குக்கொன்று என்று இரண்டு வண்டி வைத்திருக்கப் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. சந்தைக்கு மீனும் புகையிலையும் கொண்டுபோகும் வண்டியே கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும்.

குடாநாட்டில் இந்தத் தேவைக்குப் பிறந்தது தட்டிவான். இயந்திரமும் அடிச்சட்டமும் செவ்ரோலே, பெட்ஃபோர்ட் போன்ற அமெரிக்க, பிரித்தானிய லொறிகளுடையவை. மேற்கூடு உள்ளூர்த் தச்சர்களின் மரவேலை. பக்கங்கள் திறந்திருக்கும். உள்ளே பலகை இருக்கைகள். பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் தட்டியை இறக்கிவிட்டால் அதுவே சரக்கு வைக்கவும் ஆள் நிற்கவும் இடம். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே சந்தைப் பொருளும் வியாபாரிகளும் ஏறிப்போன தட்டிவான்கள் அண்மைக்காலம் வரை ஓடின. ஆசனப்பட்டி, மோதலைத் தாங்கும் கூண்டு போன்ற எதுவும் அதில் கிடையாது. தட்டிவானின் பாதுகாப்பு மூன்று விடயங்களில் தங்கியிருந்தது: பிரேக் பிடிக்கிறதா, வில்லுத்தகடு முறியாமல் இருக்கிறதா, ஓட்டுபவர் நிதானமானவரா. இவற்றில் மூன்றாவதற்கே ஊரில் மதிப்பு அதிகம். வேகம் குறைந்த காலத்தில், பழகிய பாதையில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொருந்தவும் செய்தது.

தீவகத்துக்குக் கார் வந்த கதையில் கொழும்புக் கடைகளுக்குப் பங்குண்டு. புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிகளைச் சேர்ந்தோர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகம் நடத்தினார்கள். தேடிய பணத்தில் ஒரு பங்கு ஊரில் கல்வீடாகவும் காராகவும் மாறியது. ஒஸ்டின் ஏ 40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் ஆகியவை யாழ்ப்பாண வீதிகளின் அடையாளமாகின. 1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாகித் தனியார் பேருந்துகள் அரசுடைமையான பின்பும், பேருந்து போகாத ஒழுங்கைகளுக்கு வாடகைக் கார்களே போயின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை அந்த இறுக்கம் நீடித்தது. எனவே இருந்த வாகனத்தைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவது பழக்கமாகியது. வாகனம் குறித்த நம்பிக்கையும் இதே பட்டறைகளில்தான் உருவானது: தகடு தடித்திருந்தால் வண்டி பலமானது, தட்டி நிமிர்த்தக் கூடிய வண்டி நல்ல வண்டி.

போர் இந்த நம்பிக்கையை மேலும் உறுதியாக்கியது. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையை நோக்கிய இராணுவ நடவடிக்கை ஊர்காவற்றுறை வழியாக நடந்தது; 1991க்குள் தீவகத்தின் பெரும்பகுதி படையினர் வசமானபோது மக்களில் பலர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே எரிபொருள் தடை. பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இக்கட்டில் கைவிடாத வண்டி என்ற பெயர் அவற்றுக்கு நியாயமாகவே கிடைத்தது. அந்த ஆண்டுகளில் தீவகத்தில் பயணப் பாதுகாப்பு என்ற பேச்சே வேறு பொருள் கொண்டிருந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் மக்களுக்கு, மோதல் சோதனை என்பது எங்கோ தூர தேசத்து விவகாரமாகவே இருந்திருக்கும்.

ஆனால் தடித்த தகடு காப்பாற்றும் என்ற எண்ணம் தவறானது. அதைத் தவறென்று காட்டிய வேலைகளில் பல 1959ஆம் ஆண்டில் வந்து குவிந்தன. அந்த ஆண்டில்தான் வொல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை ஆசனப்பட்டி கார்களில் பொருத்தப்பட்டது. முன்னும் பின்னும் நொறுங்கி மோதலின் விசையை உள்வாங்க, நடுக்கூண்டு மட்டும் உறுதியாக நிற்கவேண்டும் என்ற பேலா பரேனியின் கருத்து மெர்சிடிஸ் பென்ஸ் காரில் நடைமுறைக்கு வந்ததும் அப்போதே. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்ததும் அதே ஆண்டு. அந்நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டான 2009இல் 1959ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் எயார் காரையும் 2009ஆம் ஆண்டின் செவ்ரோலே மலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் கூண்டு நசுங்கி, சுக்கான் ஓட்டுநர் இருக்கையை நோக்கித் தள்ளப்பட்டது. புதிய காரின் முன்பக்கம் சிதைந்தபோதும் உள்ளிடம் குலையவில்லை. பழைய காரில் இருந்த பரிசோதனைப் பொம்மையின் அளவீடுகள், ஓட்டுநர் உயிர்தப்பியிருக்க மாட்டார் என்று காட்டின. ஒஸ்டினும் மொரிஸும் பெல் எயாரின் காலத்துக் கார்களே. அவற்றின் மீது தீவகத்தார் வைத்த அன்பு குறையத் தேவையில்லை. ஆனால் அந்த அன்பைப் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்வது ஆபத்து.

பொதுமக்கள் பார்க்கக்கூடிய மதிப்பீடு 1970களின் இறுதியில் அமெரிக்க அரசின் திட்டத்துடன் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் அன்காப் 1990களின் தொடக்கத்திலும், ஜப்பானின் திட்டம் 1995இலும், யூரோ என்காப்பின் முதல் முடிவுகள் 1997இலும் வந்தன. பிக்கப்புகள் இதில் வெகுகாலம் பின்தங்கியே நின்றன. ஏணி போன்ற அடிச்சட்டத்தின் மேல் கூண்டைத் தூக்கி வைத்த அமைப்பு பாரம் இழுக்கச் சிறந்தது. மோதல் விசையை உள்வாங்குவதில் பலவீனமானது. பெரிய வண்டி என்பதால் பாதுகாப்பானது என்று உரிமையாளர்கள் எண்ணினார்கள். 2008இல் யூரோ என்காப் நிசான் நவாராவைச் சோதித்தபோது காற்றுப்பை தாமதமாக விரிந்ததால், ஒற்றை நட்சத்திரமும் எச்சரிக்கையாக அதன் மேல் ஒரு கோடும் கிடைத்தன. மென்பொருளைத் திருத்திய பின் மறுசோதனையில் மூன்று நட்சத்திரமானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், ஃபோர்ட் ரேஞ்சர் அன்காப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் பிக்கப் ஆனது. பிக்கப்பைப் பாதுகாப்பாகக் கட்ட முடியும் என்பது அத்துடன் ஐயமின்றித் தெளிவாயிற்று.

கட்ட முடிந்தும் எல்லாச் சந்தைக்கும் அப்படிக் கட்டவில்லை என்பதே இந்த வரலாற்றில் மிகக் கசப்பான பகுதி. 2018இல் ஆபிரிக்காவில் விற்கப்பட்ட நிசான் என்பி 300 ஹார்ட்பொடி, குளோபல் என்காப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அடுத்த ஆண்டு அதன் புதிய வண்டி ஒன்றை, ஐரோப்பாவில் விற்ற 2015ஆம் ஆண்டு நவாராவுடன் மோதவிட்டார்கள். பாவித்த ஐரோப்பிய வண்டியின் ஓட்டுநர் பிழைத்திருப்பார், புத்தம்புதிய ஆபிரிக்க வண்டியின் ஓட்டுநர் பிழைத்திருக்க மாட்டார் என்று அளவீடுகள் சொல்லின. ஒரே நிறுவனம் கட்டிய இரண்டு வண்டிகள். வாங்குபவரின் நாட்டைப் பொறுத்து உயிரின் விலை மாறியது.

இலங்கையில் கெப் ரக வாகனம் என்று அழைக்கப்படும் பிக்கப்புகள் பெரும்பாலும் தாய்லாந்தில் கட்டப்பட்டவை. ஆகவே ஒரே பெயருள்ள டொயோட்டா ஹைலக்ஸ் பற்றி அவுஸ்திரேலியாவில் வந்த முடிவு இங்குள்ள வண்டிக்குப் பொருந்துமா என்பதை ஆண்டு, காற்றுப்பைகளின் எண்ணிக்கை, நிலைப்புக் கட்டுப்பாட்டு வசதி ஆகியவற்றை ஒப்பிட்டே சொல்ல முடியும். முன் இருக்கைகளில் ஆசனப்பட்டி அணிவது 2011 ஒக்டோபரில் இலங்கையில் கட்டாயமானது. காற்றுப்பையும் பூட்டுத்தடுப்பு பிரேக்கும் இல்லாத வாகனங்களின் இறக்குமதியை மறிக்கும் விதிகள் 2018இல் வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதியே நிறுத்தப்பட்டு, 2025இல் படிப்படியாக மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வாங்குவோரின் கவனம் இயந்திரம், எரிபொருள் செலவு, உதிரிப்பாகம், மறுவிற்பனை ஆகியவற்றில் நின்றது. நட்சத்திரத்தைக் கேட்டு வண்டி எடுப்பவர் குறைவு. தட்டுப்பாட்டுச் சந்தையில் கிடைத்ததை எடுப்பவரிடம் அதை எதிர்பார்ப்பதும் சரியல்ல.

நட்சத்திரம் புதிய வண்டிக்கு வழங்கப்படுகிறது. தீவகத்தில் வண்டி விரைவில் பழையதாகிறது. வைகாசி தொடங்கி வீசும் சோளகமும் மாரியில் வரும் வாடையும் தாம்போதிகளின் மேல் கடல்நீரைத் தூவுகின்றன. உப்பு முதலில் பிடிப்பது வெளியே தெரியும் கதவை அல்ல. சேறு தங்கும் அடிச்சட்டத்தின் உட்பக்கம், பிரேக் குழாய், வில்லுத்தகட்டின் பிணைப்பு ஆகிய கண்ணில் படாத இடங்களையே அது அரிக்கிறது. கழிவு எண்ணெய் பூசுவதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவதும் இதற்குப் பலர் செய்யும் வைத்தியம். நன்னீர் அருமையான தீவுகளில் பின்னதற்கு எப்போதும் வழியில்லை. அடிச்சட்டம் அரிப்பது வளர்ந்த நாடுகளிலும் பெரும் வழக்கானது. பனி உருக்க வீதியில் கொட்டும் உப்பால் அரித்த டொயோட்டா டகோமா, டண்ட்ரா பிக்கப்புகளின் சட்டங்கள் தொடர்பாக 2016இல் அமெரிக்காவில் எட்டிய இணக்கத்தின் மதிப்பு 340 கோடி டொலர் வரை போனது. மோதலின்போது விசையைத் தாங்கவேண்டிய சட்டம் அரித்திருந்தால், வண்டி வாங்கிய நாளின் ஐந்து நட்சத்திரம் கணக்கில் வராது. உள்ளூர் மெக்கானிக்குகள் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு இரும்பின் நிலையைச் சொல்வதுண்டு. சோதனைக்கூடம் சொல்லாத ஒன்றை அந்தக் கை சொல்கிறது.

பின்பெட்டியில் ஏறுவோரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பெட்டியில் பிடிமானமின்றி நிற்பவர் அதே வேகத்தில் முன்னே எறியப்படுவார். ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்கு அது ஒப்பு. கூண்டுக்குள் இருப்பவரைக் காக்கும் நொறுங்கு பகுதியாலும் பட்டியாலும் காற்றுப்பையாலும் அவருக்குப் பயனில்லை. பத்துப் பேர் நின்றால் அறுநூறு கிலோ எடை நெஞ்சுயரத்துக்கு ஏறி, வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. மாடு குறுக்கே வரும் வீதியிலும், விளிம்புக்கப்பால் கடல் கிடக்கும் தாம்போதியிலும் சடுதியாகச் சுக்கான் வெட்டவேண்டி வருவது அரிதல்ல. தட்டிவானின் தட்டியில் நின்றவருக்கு இருந்த ஆபத்து இது. வண்டியின் வேகம் மட்டும் இன்று மிகக் கூடிவிட்டது.

மேலும், தீவகத்தில் அன்றாடம் அதிகம் உழைக்கும் வண்டிகள் எந்த மதிப்பீட்டிலும் இல்லை. பட்டா என்று இலங்கையெங்கும் பெயர்பெற்ற டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் அறிமுகமானது. ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடும் ஒரு கண்ணாடியும்தான். 2023 ஒக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப் பயணிகள் கார்களுக்கு உரியது. சரக்கு வண்டி அதன் வரம்புக்கு வெளியே. பெட்டி பூட்டிய இருசக்கர உழவு இயந்திரமான லான்ட் மாஸ்டரை மோதவிட்டுப் பார்க்கும் கூடம் எங்கும் இல்லை. நெடுந்தீவின் உட்பாதைகளில் ஆளையும் தண்ணீரையும் கல்லையும் இழுப்பவை இவ்வகை வண்டிகளே.

கடலில் கணக்கு வேறுவிதமாக வளர்ந்தது. அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கப்பல்கள் மூழ்குவதை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சொல் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1876இல் பிரித்தானியக் கப்பல்களின் பக்கத்தில் பாரக்கோடு கட்டாயமானது. உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் துறையில் நிற்கும் எவரும் படிக்கக்கூடிய மதிப்பீடு அது. இலங்கையில் இந்தக் கண்டிப்பு எல்லா இடத்தையும் எட்டவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். குறிகட்டுவானில் கடற்படையின் கண்காணிப்பில் படகேறுவோருக்கு உயிர்காப்பு அங்கி கொடுக்கப்படுகிறது. ஏற்றக்கூடிய ஆட்தொகைக்கும் வரம்பு உண்டு. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டத்திடமும் அங்கி அணியுமாறு வற்புறுத்துகிறார்கள். பண்ணையிலிருந்து அதே இறங்குதுறை வரை வாகனப் பெட்டியில் நின்றபடி வருவோரை எண்ணுவதற்கோ, அவர்கள் நிற்கும் இடத்தை மதிப்பிடுவதற்கோ இன்னும் ஒரு முறை ஏற்படவில்லை.