இனம் பிரிக்கும் புதிர்

கலைந்து கிடக்கும் 16 சொற்களை நான்கு நான்காக இனம் பிரிக்கச் சொல்லும் அன்றாடப் புதிருக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் கனெக்‌ஷன்ஸ். தி நியூயார்க் டைம்ஸ் இதை 2023 ஜூன் 12 அன்று சோதனை முயற்சியாக வெளியிட்டது. சில மாதங்களிலேயே அந்நிறுவனத்தின் விளையாட்டுகளில் வேர்டிலுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் ஆடுவது இதுதான் என்றானது. ஆனால் புதிரின் வடிவம் நியூயார்க்கில் பிறந்ததல்ல. அதற்குப் 15 ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அது ஆடப்பட்டுவந்தது.

சொற்களை இனம் பார்த்துச் சேர்ப்பதும், சேராததைத் தள்ளுவதும் பள்ளிக்கூடம் அளவுக்குப் பழையவை. தமிழ்ப் பாடநூல்களிலும் அரசுப் பணித் தேர்வுகளிலும் வரும் ‘பொருந்தாச் சொல்லைக் கண்டறிக’ என்ற வினா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வினாவில் ஏமாற்று கிடையாது. விடை தெரிந்தவருக்கு ஒரே விடைதான். ஏமாற்றையே கலையாக வளர்த்தது குறுக்கெழுத்து. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். 1920களில் அது இங்கிலாந்துக்குப் போனதும் குறிப்பு ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிக்கும் மறைபொருள் வகை அங்கே வேரூன்றியது. சொல்லின் மேற்பொருளை நம்பாதே என்ற பாடத்தைப் பிரிட்டிஷ் புதிர்ப் பிரியர்கள் அப்போதே படித்துவிட்டார்கள். தி நியூயார்க் டைம்ஸோ 1924இல் குறுக்கெழுத்து மோகத்தை வீண் வேலை என்று இகழ்ந்தது. 1942 பிப்ரவரி 15 அன்றுதான், போர்க்காலத்தில், தானும் ஒன்றை வெளியிட்டது. இன்று அதே நிறுவனம் புதிர்களுக்கென்றே தனிச் சந்தா விற்கிறது.

இனம் பிரிக்கும் புதிருக்கு இன்றைய உருவம் தந்தது ஒன்லி கனெக்ட் என்ற வினாடி வினா நிகழ்ச்சி. 2008 செப்டம்பர் 15 அன்று பிபிசி ஃபோரில் தொடங்கி, 2014இல் பிபிசி டூவுக்கு இடம் மாறியது. நடத்துபவர் விக்டோரியா கோரன் மிட்செல். நிகழ்ச்சியின் பெயர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் ஹோவர்ட்ஸ் எண்ட் நாவலின் முகப்பு வாசகத்தை நினைவூட்டுவது. தொடக்கத்தில் வினாக்களைத் தேர்ந்தெடுக்கக் கிரேக்க எழுத்துகளை வைத்திருந்தார்கள். இது படிப்பாளிப் பகட்டு என்ற கேலிக்குப் பதிலாக நான்காம் தொடரில் எகிப்தியச் சித்திர எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சியின் குணம் அந்த ஒரு குறும்பிலேயே விளங்கிவிடும்.

அதன் மூன்றாம் சுற்றுக்குப் பெயர் ‘இணைப்புச் சுவர்’. தொடுதிரையில் 16 குறிப்புகள் தோன்றும். மூன்று பேர் கொண்ட அணி இரண்டரை நிமிடத்துக்குள் நான்கு இனங்களையும் பிரித்தாக வேண்டும். முதல் இரண்டு இனங்களைக் காணும்வரை எத்தனை முறையும் முயலலாம். இரண்டு கிடைத்த பிறகு மூன்றே வாய்ப்புகள். இனம் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். அந்த நான்கையும் இணைப்பது எது என்று சொன்னால் இன்னொன்று. எல்லாம் சரியென்றால் கூடுதலாக இரண்டு. ஆக அதிகபட்சம் 10. ரசிகர்கள் தாங்களே சுவர்கள் கட்டி இணையத்தில் பரிமாறிக்கொள்ளும் பழக்கமும் இதிலிருந்தே கிளைத்தது.

கனெக்‌ஷன்ஸ் வெளியானதும், இது 2008 முதல் பிபிசியில் இருக்கிறதே என்று கோரன் மிட்செல் சமூக ஊடகத்தில் சுட்டிக்காட்டினார். ஒற்றுமை மறுக்க முடியாதது. எனினும் நியூயார்க் வடிவம் இரண்டு விதிகளை மாற்றியது. ஆட்டத்தின் உத்தியே அதனால் தலைகீழானது. கடிகாரம் போய்விட்டது, தவறுகளுக்கு முதலிலிருந்தே கணக்கு வந்துவிட்டது. நான்காவது தவறோடு ஆட்டம் முடியும். சுவரின் முன் நிற்பவருக்கு வேகம்தான் லாபம்: ஒரு வகைக்கு ஐந்து சொற்கள் பொருந்தினால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். கனெக்‌ஷன்ஸில் அதே பழக்கம் தோல்விக்குக் குறுக்குவழி. அங்கே பொறுமைதான் முதல்.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். 16 சொற்களை நான்கு நான்காகப் பிரிக்க 26,27,625 வழிகள் உண்டு. ஓர் இனம் சரியாகக் கிடைத்துவிட்டால் மிச்சம் 5,775. இரண்டாவதும் கிடைத்தால் வெறும் 35. ஆகவே முதல் நகர்வுதான் விலை உயர்ந்தது. எந்த இனம் கண்ணில் பட்டது என்பதைவிட, எந்த இனத்தில் ஐயமே இல்லை என்பது முக்கியம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் சொல்லைத் தொடும் முன்பே இரண்டு மூன்று இனங்களை மனத்துக்குள் பிரித்து முடித்திருப்பார்கள்.

புதிரை அமைப்பவரின் ஆயுதம், இரண்டு வீட்டுக்கும் உறவான சொல். கனெக்‌ஷன்ஸின் ஆசிரியர் வினா லியு. சொற்களைக் கணினி பொறுக்குவதில்லை, மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்பது பலகையில் உள்ள வம்பிலேயே தெரியும். தமிழில் அப்படி ஒரு பலகை அமைந்தால் அதில் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என ஐந்து சொற்கள் இருக்கலாம். கோள்களா, கிழமைகளா என்று யோசிக்கும்போதே கை நான்கைத் தொட்டுவிடும். ஆனால் பலகையின் வேறு மூலையில் பொன், செம்பு, ஈயம் என்று மூன்று மட்டும் தனித்து நிற்கும். உலோகத்துக்கு நான்காவது வேண்டும். வெள்ளி அங்கே போய்ச் சேர்கிறது. ஐந்து பொருந்தும் இடத்தில் கை வைக்காமல், மூன்றோடு தவிக்கும் இனத்தைத் தேடிப் போவதுதான் இந்த ஆட்டத்தின் மிக நம்பகமான உத்தி.

அதன் மறுபக்கம், ஒரே இடத்தில் மட்டுமே வாழக்கூடிய சொல்லைப் பிடிப்பது. பல பொருள் தரும் சொற்கள் ஆட்டக்காரரை அலைக்கழிக்கும். ஈயம் போன்ற சொல்லுக்கோ போக்கிடம் ஒன்றுதான். அதைப் பற்றிக்கொண்டு அதன் உறவுகளைத் தேடினால் பாதை நேராகும். பலகையில் முதலில் தோன்றும் வரிசையையும் நம்பக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சொற்களைக் கண் தானாக உறவாக்கிவிடும். கலைத்துப்போடும் பொத்தான் இருப்பது அதற்காகத்தான்.

நான்கு இனங்களுக்கும் நிறம் உண்டு: எளிதிலிருந்து கடினமாக மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. விடை கண்ட பிறகே நிறம் தெரியும். ஊதாவில் பெரும்பாலும் பொருள் உறவு இருக்காது, சொல் விளையாட்டு இருக்கும்: முன்னோ பின்னோ ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒலி ஒற்றுமை, சொல்லுக்குள் ஒளிந்த சொல். வாசல், அணை, வலி, நகரம் நான்குக்கும் பொருளில் எந்தச் சம்பந்தமும் இல்லை. முன்னால் ‘தலை’ வந்தால்தான் உறவு புரியும். பலகையில் அணைக்குப் பக்கத்தில் ஏரியும் குளமும் இருந்துவிட்டால் சிக்கல் முழுமை பெற்றது. எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத சொல்லைக் கண்டால் அதன் பொருளை மறந்து, முன்னும் பின்னும் எதை ஒட்டலாம் என்று உரக்கச் சொல்லிப் பார்ப்பது பலன் தரும்.

சொற்களுக்கிடையே உறவு காணும் இந்தத் திறனை உளவியலும் அளந்திருக்கிறது. சார்னாஃப் மெட்னிக் 1962இல் முன்வைத்த, தொலைவான தொடர்புகளைத் தேடும் சோதனை, தொடர்பற்ற மூன்று சொற்களைத் தந்து மூன்றையும் இணைக்கும் நான்காவதைக் கேட்டது. படைப்பாற்றலை அளக்க அது உதவும் என்பது அவர் எண்ணம். அதற்கும் முன்பே, 1942இல், ஆபிரகாம் லூச்சின்ஸ் ஜாடிகளில் நீர் அளக்கும் கணக்குகளைக் கொடுத்து ஒன்றைக் காட்டினார்: ஒரு வழி பழகிவிட்டால், அதைவிட எளிய வழி கண்முன் இருந்தாலும் பலருக்குத் தெரிவதில்லை. பலகையின் முன் விழித்து நிற்பவரின் நிலை இதுதான். கடிகாரம் இல்லாத ஆட்டத்தில் அதற்கு மருந்தும் எளிது. மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால் பிடித்த பிடி தளர்ந்திருக்கும்.

தவறான முயற்சியும் முழுக்க வீணல்ல. மூன்று சரியாகி ஒன்று பிசகினால் ‘ஒன்று குறைகிறது’ என்று ஆட்டம் சொல்லிவிடும். அப்போது அவசரமாக ஒன்றை மாற்றிப் போடுவதுதான் பலர் செய்வது. அந்த நான்கில் வேறு வீட்டுக்கும் உறவான சொல் எது என்று முதலில் பார்ப்பதே முறை. அந்தச் செய்தி வராவிட்டால் நான்கில் குறைந்தது இரண்டு தவறு. அந்த இனத்தையே கைவிட்டு வேறிடத்தில் தொடங்கலாம்.

உத்தியால் கடக்க முடியாத தடையும் ஒன்று உண்டு. அமெரிக்க விளையாட்டு அணிகள், கடைப் பெயர்கள், தின்பண்டங்கள் எல்லாம் இந்தப் பலகையில் சகஜம். அந்த ஊரில் வாழாதவருக்கு அவை வெறும் சொற்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மற்ற மூன்று இனங்களையும் தீர்த்து, தெரியாத நான்கைக் கழிவாக விட்டுவிடுவது இதனால்தான். விதி அதற்கு இடம் கொடுக்கிறது: மூன்று முடிந்தால் நான்காவது தானே அமைந்துவிடும். ஒன்லி கனெக்டில் அப்படி மிஞ்சிய நான்குக்கும் தொடர்பு என்ன என்று சொன்னால்தான் அதற்குரிய மதிப்பெண். கனெக்‌ஷன்ஸில் அதை யாரும் கேட்பதில்லை.