யூதக் கல்லறைகளின் சாவி யாரிடம்?

போன பொதுக்குழுக் கூட்டத்தில் பின்பக்கச் சுற்றுச்சுவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மெயின்டனன்ஸ் பணம் வந்துவிடுகிறது, ஆனால் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஒரு ஆள் இல்லை என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்போது மொராக்கோ ஞாபகம் வந்தது. அங்கே ஒரு சமூகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இறந்தவர்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் படித்ததைத்தான் இந்த இதழுக்கு எழுதுகிறேன்.

மொராக்கோ வட ஆப்பிரிக்காவின் மேற்கு மூலையில் உள்ள முஸ்லிம் நாடு. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கு யூதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியபோது பெருங்கூட்டம் ஒன்று கடலைக் கடந்து ஃபெஸ் போன்ற மொராக்கோ நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. அதே ஸ்பெயின், போர்ச்சுக்கல் யூதர்களின் இன்னொரு கிளை ஆம்ஸ்டர்டாம், லண்டன் என்று சுற்றி 17ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வாங்கி விற்க நம் சென்னைக் கோட்டைக்கும் வந்தது. முத்தியாலுப்பேட்டைப் பவளக்காரத் தெருவின் பெயரில் அந்த வியாபாரத்தின் வாசனை இன்னும் இருக்கிறது. லாயிட்ஸ் சாலையில் சின்னதாக ஒரு யூதக் கல்லறைத் தோட்டமும் உண்டு. பலர் அதைத் தாண்டிப் போயிருப்போம், பார்த்திருக்க மாட்டோம்.

எபிரேய மொழியில் இடுகாட்டுக்கு 'வாழ்வின் வீடு' என்று ஒரு பெயர். யூத மரபில் கல்லறை என்பது புதைக்கப்பட்டவருக்கு நிரந்தரச் சொந்தம். நம் ஊரில் இடநெருக்கடி காரணமாகக் குடும்பக் கல்லறையை மறுபடி திறந்து இன்னொருவரை அடக்கம் செய்வதுண்டு. யூதர்களிடம் அது வழக்கமில்லை. கல்லறைக்குப் போனால் பூ வைப்பதைவிட ஒரு சிறு கல்லை எடுத்து வைத்துவிட்டு வருவதுதான் அவர்களுடைய பழக்கம். ஆக, ஊர் காலியானாலும் அந்த நிலத்தை விற்க முடியாது, வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. காலத்துக்கும் யாராவது அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊர் உண்மையிலேயே காலியானது. 1948இல் அங்கே ஏறக்குறைய இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் உஜ்தா, ஜெராதா என்ற இரண்டு ஊர்களில் நடந்த கலவரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை வெறும் இனிப்பாகிவிடும். பயம், வறுமை, புதிதாகப் பிறந்த இஸ்ரேலின் அழைப்பு என்று பல காரணங்கள் சேர்ந்துகொண்டன. 1961 முதல் 1964 வரை பெரிய அலையாகக் கிளம்பினார்கள், 1967 போருக்குப் பிறகு மறுபடியும். அட்லஸ் மலைக் கிராமங்களில் தெருவே மொத்தமாகக் காலியான இடங்கள் உண்டு. இன்று நாடு முழுவதும் மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

மண் சுவர் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். வருஷா வருஷம் பூச வேண்டும். பூச ஆள் இல்லையென்றால் சுவர் விழும், ஆடு உள்ளே வரும், முள் மண்டும், கல் புதையும். பெரும்பாலான கல்லறைகளைக் கெடுத்தது பகை அல்ல, ஆள் இல்லாததுதான். சுவர் விவகாரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

எல்லாம் அழிந்துவிடவில்லை. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு முஸ்லிம்கள். மொராக்கோ யூதர்கள் தங்கள் ஞானிகளின் சமாதிகளுக்கு வருடந்தோறும் நினைவு நாளில் யாத்திரை போவார்கள். 'ஹில்லூலா' என்று அதற்குப் பெயர். பல சமாதிகளில் முஸ்லிம்களும் வேண்டிக்கொள்வதுண்டு. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வருகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபெஸ் நகரில் சோல் ஹச்சுவெல் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. இஸ்லாத்தை ஏற்றுவிட்டு மறுத்தாள் என்று குற்றம் சாட்டி 1834இல் அவள் தலையை வெட்டினார்கள். தான் யூதப் பெண்ணாகவே இருப்பதாகக் கடைசிவரை சொன்னாள். யூதர்களுக்கு அவள் புனிதவதி. ஆச்சரியம் என்னவென்றால், முஸ்லிம் பெண்களும் அவளை 'லல்லா சுலைக்கா' என்று மரியாதையோடு அழைத்து அந்தக் கல்லறைக்கு வேண்டுதலோடு வந்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட இடங்களில் சாவி பெரும்பாலும் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கும். யூத சமூகம் தருகிற சிறு சம்பளம், யாத்திரைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற பணம், இவ்வளவுதான் அவர்களுக்கு வருமானம். அப்பாவுக்குப் பிறகு மகன் சாவியை வாங்கிக்கொள்வார்.

யாத்திரை வராத சாதாரண இடுகாடுகளுக்கு இந்த வழி போதவில்லை. 2010இல் மன்னர் ஆறாம் முகம்மதுவின் ஆதரவில் பெரிய சீரமைப்பு தொடங்கியது. மொராக்கோ யூத சமூகங்களின் சபைத் தலைமைச் செயலாளர் செர்ஜ் பெர்துகோ முன்னின்று நடத்தினார். 167 இடுகாடுகளைச் சரிசெய்தார்கள். சுமார் 12,600 கல்லறைகள், 159 புதிய கதவுகள், 40 கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றுவேலி என்று கணக்கு சொல்கிறார்கள். இடையில் 2011இல் வந்த புதிய அரசியல் சட்டம், நாட்டின் அடையாளத்தை வளர்த்த ஊற்றுகளில் எபிரேய மரபும் ஒன்று என்று முகவுரையிலேயே எழுதியது. அரசுக்கு இதில் சுற்றுலா, வெளிநாட்டு நல்லெண்ணம் என்ற கணக்குகளும் இருக்கும்தான். இருக்கட்டுமே. கதவு கதவுதானே.

ஆனால் புதுச் சுவரும் பத்து வருஷத்தில் பழைய சுவர். நம் குடியிருப்பில் பெயின்ட் அடித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எனக்கு இந்த 167ஐவிட ஒரே ஒரு இடம்தான் அதிகம் பிடித்தது. மராகேஷ் நகருக்குத் தெற்கே, அல் ஹவுஸ் மாகாணத்தில் உள்ள அக்ரிஷ் கிராமம். அங்கே ரஃபயேல் ஹக்கோஹென் என்ற யூத ஞானியின் சமாதியும் பழைய இடுகாடும் இருக்கின்றன. தலைமுறைகளாக அதைக் காத்துவருவது முஸ்லிம் குடும்பம் ஒன்று.

சுற்றியுள்ள விவசாயிகள் பார்லியும் சோளமும் போட்டு அரை வயிற்றுக்குச் சம்பாதிப்பவர்கள். பழமரத்துக்கு மாறினால் வருமானம் கூடும். கன்று வாங்கக் காசு வேண்டும். தாங்களே வளர்க்கலாம் என்றால், கன்று நடுகிற அளவுக்கு வளர இரண்டு வருஷமாவது ஆகும். இருக்கிற துண்டு நிலத்தை அதுவரை பயிரில்லாமல் விட அவர்களால் முடியாது. இடுகாட்டை ஒட்டி யூத சமூகத்தின் நிலம் சும்மா கிடந்தது. 2012 முதல் அந்த நிலத்தை வாடகை வாங்காமல் நாற்றங்காலுக்குக் கொடுத்தார்கள். ஹை அட்லஸ் அறக்கட்டளை அதை நடத்துகிறது. கல்லறைகளின் மேல் அல்ல, பக்கத்து நிலத்தில்தான் நாற்றங்கால். பாதாம், அத்தி, மாதுளை, எலுமிச்சைக் கன்றுகள் அங்கிருந்து முஸ்லிம் விவசாயிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போகின்றன.

இதில் யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. கன்றுகளைப் பார்க்க ஆட்கள் தினமும் வருகிறார்கள், தண்ணீர் விடுகிறார்கள். மனிதர் நடமாடுகிற இடத்தில் முள் மண்டாது, சுவரில் விரிசல் விட்டால் அன்றைக்கே கண்ணில் படும். இடுகாட்டால் கிராமத்துக்கு ஒரு லாபம், கிராமத்தால் இடுகாட்டுக்கு ஒரு காவல். சாவியை வைத்திருந்த குடும்பத்துக்கும் நாற்றங்கால் வேலை ஒரு பிழைப்பாயிற்று. அடுத்த தலைமுறை பிழைப்பு தேடி மராகேஷுக்குப் பஸ் ஏறாமல் ஊரிலேயே இருக்க அது ஒரு காரணமாகலாம்.

நாடு முழுவதும் இதுபோல் ஞானிகளின் சமாதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒட்டிக் காலி நிலம் இருக்குமா, இருந்தாலும் தண்ணீர் கிடைக்குமா? மலைப்பகுதியில் வறட்சி அடிக்கடி வருகிறது. அக்ரிஷில் கன்றுகள் இன்னும் வளர்கின்றன. ஹில்லூலாவுக்கு வருகிறவர்கள் பக்கத்திலேயே அந்த நாற்றங்காலையும் பார்க்கலாம். கதவைத் திறந்துவிடுபவர் அந்தக் காவல்காரக் குடும்பத்தவர்தான்.