பெயர் மாறிய போர்க்கப்பல்

மனிதருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவதுபோல் கப்பலுக்கும் எழுதலாம் என்றால், நான் முதலில் எழுத விரும்புவது ‘பெலரோபன்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் வரலாற்றையே.

1786இல் இங்கிலாந்தின் மெட்வே நதிக்கரையில் அது நீரில் இறக்கப்பட்டது. எழுபத்து நான்கு பீரங்கிகள். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள். சிறகு முளைத்த குதிரையில் பறந்த கிரேக்க வீரனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். படித்தவர் வைத்த பெயர் பாமர மாலுமியின் வாயில் நுழையவில்லை. ‘பில்லி ரபியன்’ ஆக்கிவிட்டான். ரபியன் என்றால் முரடன். எனக்கென்னவோ மாலுமி வைத்த பெயரே பொருத்தமாகப் படுகிறது.

1798 ஆகஸ்ட் முதலாம் திகதி மாலை, எகிப்தின் அபூகிர் குடாவில் அந்த முரடன், பிரெஞ்சுத் தளபதியின் ‘லோரியன்’ என்ற பெருங்கப்பலின் அருகிலேயே போய் நங்கூரமிட்டான். அதில் ஏறத்தாழ நூற்றிருபது பீரங்கிகள்! மூன்று பாய்மரங்களும் முறிந்தன. 49 பேர் மாண்டனர்; 148 பேர் காயமுற்றனர். நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஒதுங்கவேண்டியதாயிற்று. இரவு பத்து மணியளவில் லோரியன் தீப்பற்றி வெடித்துச் சிதறியது. ஒதுங்கியிராவிட்டால் பெலரோபனின் கதையும் அன்றே முடிந்திருக்கும்.

1805இல் டிரபல்கார் போரில் அதன் கப்டன் ஜோன் குக் மேற்தளத்திலேயே மடிந்தார். அதைப் பலரும் அறிவர்.

1815 ஜூலை 15ஆம் திகதி, வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் பிரான்சின் ரோஷ்போர் கரைக்கப்பால் இக்கப்பலில் ஏறிச் சரணடைந்தான். இங்கிலாந்தில் புகலிடம் கிடைக்கும் என்பது அவன் நம்பிக்கை. பிளிமத் துறையில் அவனைக் காணச் சனங்கள் வள்ளம் வள்ளமாக வந்து மொய்த்தார்கள். அவனைக் கரையில் கால்வைக்க விடவில்லை. ஆகஸ்ட் 7ஆம் திகதி வேறு கப்பலுக்கு மாற்றி, சென்ற் ஹெலினாவுக்கு அனுப்பினார்கள்.

பேரரசனைச் சிறைப்படுத்திய கப்பலையே அடுத்துச் சிறைச்சாலையாக்கினார்கள். பீரங்கிகளைக் கழற்றிவிட்டுக் கைதிகளை அடைத்தார்கள், 1820களில் சிறுவர்களையுங்கூட. 1824இல் பெயரையும் பறித்தார்கள். புதுப் பெயர் ‘கப்டிவிட்டி’. தமிழில் சொன்னால், சிறைவாசம். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது.

1836இல் உடைப்பதற்காக அது விற்கப்பட்டது. அதன் மரங்களில் சிலவற்றை வாங்கியவர் ஜோர்ஜ் பெலமி. அபூகிர் இரவில் அக்கப்பலின் வைத்தியராய் இருந்து காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் அவரே. பிளிமத்துக்கு அருகே தாம் கட்டிய சிறு வீட்டில் அம்மரங்களைச் சேர்த்துக்கொண்டார்.