உள்ளத்தை அறியும் கல்வி

1943-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையாயிற்று. அதன் முதல் தலைவர் ஜி. டி. போவாஸ், ரூத்து வரலாற்றில் வரும் பெருமகனின் பெயரைத் தாங்கிய தமிழர். கல்கத்தாவில் 1916-இலும் மைசூரில் 1924-இலும் இத்துறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. (மைசூர்த் துறையை நிறுவிய எம். வி. கோபாலசாமி 1935-இல் ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கினார் என்பது சுவையான செய்தி.) அதுகாறும் மனம் தத்துவப் பாடத்தின் ஓர் அத்தியாயமே. குருமடத்தில் நாம் கற்றதும் ஆன்மாவின் ஆற்றல்களையே. உறக்கம் தொலைத்த மனிதனைப் பற்றி அந்நூல்களில் ஒரு வரியும் இல்லை.

விசுவாசியால் இக்கல்வியில் மனமொன்றி ஈடுபட முடியுமா? வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருட்தந்தை தாமஸ் வெர்னர் மூர் இதற்கு வாழ்ந்தே விடை தந்தார். லைப்சிக் நகரில் வூண்டின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். பின்னர் மருத்துவரும் ஆனார். 1916-இல் மனநோயாளருக்கென ஒரு சிகிச்சையகம் திறந்தார். 1947-இல் கார்த்தூசியர் மடத்தின் மௌனத்திற்குள் புகுந்தார். ஆய்வு அவரது செபத்தைக் குலைக்கவில்லை.

உரோமை தயங்கித் தயங்கியே நடந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-இல் உளமருத்துவர்களை வரவேற்றுப் பேசினார். 1961-இல் உளப்பகுப்பாய்வு குறித்துக் குருக்களுக்குக் கடும் எச்சரிக்கை வந்தது. நான்கே ஆண்டுகளில், மேய்ப்புப் பணிக்கு உளவியலையும் பயன்படுத்துங்கள் என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகளல்ல. தெளிந்த மனத்தோடு தன்னுயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். தெளிந்த மனமா என்று ஆராய எத்தனை ஊர்களில் எவர் இருந்தார்? நாம் சிறுவராய் இருந்தபோது ஒரு தாயின் உடல் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைக்கப்படக் கண்டோம். பிள்ளை பெற்று நாற்பது நாளாகவில்லை. அது நோயாக இருக்கக்கூடும் என அன்று எவரும் சொல்லவில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையைக் கைவிட்டது. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கும் என எழுதியது.

இங்கே மங்கலத்தில் விசைத்தறிகள் இரவெல்லாம் ஓடுகின்றன, கடனும் ஓடுகிறது. தறிக்கூடத்திலேயே உயிரை விட்ட ஒருவரின் மனைவி நம் வாசலில் வந்து நின்றார். "சாமி, கோயிலுக்குள்ள எடுத்துட்டு வரலாமுங்களா?" என்றார்.

"கொண்டு வாருங்கள் அம்மா" என்றோம். பின்பு நாமே சென்று மணியை அடித்தோம்.